பொய்க்கால் குதிரையை மேடையேற்றாதீர்கள்: திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருவிழாக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இந்த ஆண்டு சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால், கட்டைக்காலில் ஏறி இடுப்பில் குதிரைக் கூடு மாட்டி ஆடும் பொய்க்கால் குதிரை நான்கு வீதியும் வராது, தேரடி மேடையில் பத்து நிமிடம் ஆடிவிட்டு இறங்கிவிடும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் அதை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல். முடிவுக்கு நீங்கள் சொன்ன காரணங்கள் மூன்று. யாரும் நின்று பார்ப்பதில்லை. புறப்பாடு தாமதமாகிறது. வீதியில் ஆடினால் போக்குவரத்து நெரிசல். மூன்றாவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. புறப்பாட்டு நாளில் அந்த நான்கு வீதிகளிலும் மாலையிலிருந்தே வண்டி விடுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாவதற்குப் பிறகு வருகிறோம். முதலாவதுதான் பதில் சொல்ல வேண்டியது.

யாரும் பார்ப்பதில்லை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. வருகிறார்கள், செல்போனில் அரை நிமிடம் எடுக்கிறார்கள், ராட்டினத்துப் பக்கம் போய்விடுகிறார்கள். ஆனால் அவர்கள் பார்க்க முடியாதபடி ஆட்டத்தை வைத்தது யார்? காலைப் பார்க்க வேண்டிய ஆட்டம் இது. மூன்று நான்கு வருடமாக அந்தக் காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்கிறோம். எதைப் பார்ப்பது என்று புதிதாக வளரும் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லித் தரவும் இல்லை. ஆகவே குறையை ஆட்டத்தின்மேல் போடுவதற்கு முன், அந்த ஆட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆட்டக்காரர் காலில் கட்டுவது மரக்கட்டை. உயரம் ஓர் அடியிலிருந்து ஒன்றரை அடி. பாதம் வைக்க ஒரு மிதி, அதற்கு மேல் கெண்டைக்காலோடு ஒட்டி நிற்கும் பகுதி. தரையைத் தொடும் அடிப்பாகம் உள்ளங்கை அகலம்கூட வராது. கெண்டைக்காலில் முதலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றுவார்கள். பிறகு பட்டைத் துணியாலோ நாடாவாலோ பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இழுத்துக் கட்டுவார்கள். எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. அதிகம் இறுகினால் கொஞ்ச நேரத்தில் பாதம் மரத்துப்போகும், கீழே இருப்பது மேடா பள்ளமா என்று தெரியாது. தளர்ந்தால் கணுக்கால் ஒரு பக்கம் திரும்ப, கட்டை வேறு பக்கம் போகும். இரண்டு காலிலும் ஒரே இறுக்கம் வேண்டும். கட்டி முடித்ததும் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இருந்த இடத்திலேயே நாலு மிதி மிதித்துப் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் ஒரு காலை மட்டும் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். குழுவின் ஆள் வந்து "என்னப்பா இன்னும் முடியலையா, ஐயா வந்துட்டாரு" என்று சத்தம் போடுவது எப்போதும் இந்த நேரத்தில்தான்.

இடுப்பில் வரும் குதிரைக் கூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. மூங்கில் பத்தையை வளைத்துக் கட்டி, மேலே காகிதக்கூழும் துணியும் ஒட்டி, வண்ணம் பூசி, ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் பதித்த கூடு அது. இப்போது ஃபைபரிலும் செய்கிறார்கள். மழைக்குத் தாங்கும், ஆனால் கீழே விழுந்து விரிசல் விட்டால் ஊரில் ஒட்டுப்போட ஆள் கிடைக்காது. எதில் செய்தாலும் எடை இடுப்பில் உட்காரக் கூடாது. தோளில் மாட்டிய இரண்டு பட்டைகளில் தொங்க வேண்டும். பட்டை வெளியில் தெரியாமல் உடுப்பு மறைத்துக்கொள்ளும். குதிரைத் தலை கனத்துவிட்டால் ஆடுகிறவர் தன்னையறியாமல் பின்னால் சாய்ந்து ஈடுகட்டுவார், இரவு முடியும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்காக வால் பக்கத்தில் கொஞ்சம் கனம் சேர்த்துச் சமன் பார்ப்பார்கள்.

இப்படிக் கட்டிக்கொண்டவரால் அசையாமல் நிற்க முடியாது. குழுவினர் எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். நாம் நிற்கும்போது பாதமும் கணுக்காலும் நமக்குத் தெரியாமல் ஓயாமல் சமன் செய்துகொண்டிருக்கின்றன. கட்டைக்காலில் அந்த வேலை நடக்காது. ஓடாத சைக்கிளில் காலூன்றாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? அதுபோலத்தான், மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தால்தான் விழாமல் இருக்கலாம். மேளம் நின்ற பிறகும் கட்டைச் சத்தம் 'டக் டக்' என்று கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். யாரும் அப்போது ஆடிக்கொண்டிருக்கவில்லை. விழாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு, போன வருடங்களில் நம் தேரடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது மைக் குறுக்கே வருகிறது. "அன்பளிப்பு நூற்றியொரு ரூபாய் வழங்கிய..." என்று பெயர், தகப்பனார் பெயர், தெரு, கடை, கடையின் கிளை வரைக்கும் வாசிக்கப்படுகிறது. மேளம் அடங்கி நிற்கிறது. ராஜாவாகவும் ராணியாகவும் வேடம் கட்டிய இரண்டு ஆட்டக்காரர்களும் பட்டியல் முடியும்வரை நின்ற இடத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் அந்த நேரத்தில்தான் கலைகிறது. கலையாமல் என்ன செய்யும்? சால்வை போடும்போதும் இதே கதை. போடுகிறவர் படத்துக்கு முகம் காட்ட, போட்டுக்கொள்கிறவர் காலை மாற்றிக்கொண்டே இருக்க, "கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்று போட்டோக்காரர் அதட்டுகிறார். இதைவிட மோசம், கட்டையோடு மேடையில் ஏற்றிவிட்டுத் தமிழ்த்தாய் வாழ்த்துப் போடுவது. வாழ்த்து முடியும்வரை ஆளுக்கு ஒருவராகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்து மேடை. மேடை என்றால் கௌரவம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அந்த நல்லெண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாலடி ஐந்தடி உயர மேடையின் முன்விளிம்பில் ஸ்பீக்கர் பெட்டி, அதற்கு முன்னால் பூந்தொட்டி, அதற்கும் முன்னால் ஃபிளெக்ஸ். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. கட்டைக்கால் மறைந்துவிட்டால் மிச்சமிருப்பது அட்டைக் குதிரையை மாட்டிக்கொண்டு குதிக்கும் இரண்டு பேர். அதை அரை நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்க வேண்டியதில்லைதான்.

தளமும் ஆகாது. இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் பலகை அடுக்கிச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறீர்கள். ஓர் ஆளின் எடை முழுவதும் உள்ளங்கைக்கும் குறைவான இடத்தில் இறங்கும்போது பலகை குழிந்து திரும்ப எம்பும். எம்பும் நேரம் தாளத்தோடு ஒத்துவராது. கம்பளம் சுருங்கிய இடத்தில் கட்டை தடுக்கும். இரண்டு பலகை சேரும் இடுக்கு கம்பளத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது. பலகைக்குக் கீழே வெற்றிடம் என்பதால் ஒவ்வொரு மிதியும் 'தொம் தொம்' என்று முழங்கி, 'டக்' என்று விழ வேண்டிய சத்தத்தைத் தின்றுவிடும். இத்தனைக்கும் மேல், கூடு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருப்பதால் குதிரை ஒரு சுற்றுத் திரும்பச் சாதாரண ஆட்டக்காரருக்கு வேண்டியதைப்போல் இரண்டு பங்கு இடம் வேண்டும். இரண்டு குதிரை, எட்டுப் பேர் மேளம், ஓரத்தில் தலைவர்களுக்குச் சோபா. ராஜா திரும்பினால் ராணியின் குதிரை மூக்கில் இடிக்கும், ராணி ஒதுங்கினால் தவிலில் இடிக்கும்.

வீதியில் இந்தத் தொல்லை ஒன்றுமே கிடையாது. சொல்லப்போனால் வீதிக்காகவே உண்டான உயரம் இது. ஒன்றரை அடி உயர்ந்து வருவதால் நான்காவது வரிசையில் நிற்பவருக்கும் ராஜாவின் முகமும் குதிரைத் தலையும் தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் கால் தெரியும். வீதி நீளத்தில் குதிரை நடந்து வரும். முக்கு வந்ததும் மேளம் நின்று வட்டம் கட்டும், நின்று ஆடும் ஆட்டம் அங்கேதான். கீழ வீதி முக்கு, தெற்கு வீதி முக்கு, மேல வீதி முக்கு, வடக்கு வீதி முக்கு என்று நான்கு இடம். ஒவ்வொரு முக்கிலும் வேறு கூட்டம், வேறு ஆட்டம். கரகமும் காவடியும் மயிலும் மாடும் இதே வரிசையில் இதே முறையில் வந்தவைதான்.

இனி எதைப் பார்ப்பது என்பது. முக்கில் வட்டம் கட்டியதும் முதல் சுற்றில் காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நடையில் கட்டை நேராக இறங்கும். ஓட்டத்தில் முன்னால் வீசி இறங்கும். பின்வாங்கும்போது முதலில் தொடுவது கட்டையின் பின் விளிம்பு. அது தவறினால் மல்லாக்க விழ வேண்டியதுதான். நல்ல ஆட்டக்காரர் பின்வாங்கும்போது அடி சின்னதாகிவிடும், சத்தம் நெருக்கமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட முன்னால் வருகிறாரா பின்னால் போகிறாரா என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது சுற்றில் இடுப்புக்கு மேலே பார்க்க வேண்டும். ஒரே ஆள்தான் குதிரை, ஒரே ஆள்தான் சவாரி செய்பவன். இடுப்புக்குக் கீழே இருப்பது மிருகம், அடங்காது. மேலே இருப்பவன் ராஜா. அவனுக்குக் குதிரை எகிறினாலும் தோள் குலுங்கக் கூடாது, முகத்தில் பதற்றம் வரக் கூடாது. காலோடு சேர்ந்து தோளும் எகிறினால் ஆட்டம் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். கால் புயல்போல இருக்க, கடிவாளம் பிடித்த கை மட்டும் சாவகாசமாக இருந்தால் பெரிய கை என்று தெரிந்துகொள்ளலாம். குதிரையின் தலை எப்படி அசைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கடிவாளத்தை இழுத்து ஆட்டினால் பொம்மை மாதிரி இருக்கும். இடுப்பை ஒடித்துக் கொடுத்து ஆட்டினால், மிதிக்கு அரைக் கணம் பின்னால் தலை வரும், உயிருள்ள குதிரைக்கு வருவதைப் போலவே. இந்த அரைக் கணத்தை ஒருமுறை கண்டுவிட்டவர் அப்புறம் ராட்டினத்துக்குப் போகமாட்டார்.

ஜோடியைப் பார்ப்பது மூன்றாவது. ராஜா கோபிப்பதும் ராணி முகம் திருப்புவதும் பேச்சில்லாத நாடகம். இரண்டு குதிரையும் எதிரெதிரே வேகமாக வந்து, மூக்கு உரசும் தூரத்தில் விலகிச் சுற்றும் இடம்தான் உச்சம். தடுமாறினால் கையூன்றக்கூட வழியில்லாமல் கூடு குறுக்கே நிற்கும் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அதன் அருமை தெரியும். முன்பெல்லாம் ராணியாக ஆண்களே வேடம் கட்டினார்கள். இன்று பெண்களும் கட்டைக்காலில் ஏறி ஆடுகிறார்கள். அதனால் குழுவுக்குக் கூடுதலாகச் சில பொறுப்புகள் வந்திருக்கின்றன. கடைசியில் சொல்கிறோம்.

மேளத்தைக் கேட்கத் தெரியாமல் இந்த ஆட்டத்தைப் பார்க்க முடியாது. இந்த ஆட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளம் என்றால் இரண்டு நாயனம் (நாகஸ்வரம்), இரண்டு தவில், பம்பை, கிடிமுட்டி, தமுக்கு, தாளம். ஊருக்கு ஊர், செட்டுக்குச் செட்டு ஒன்றிரண்டு கூடும் குறையும். நடைக்குத் 'தகதிமி' என்று நாலாக வரும். குதிரை ஓட வேண்டும் என்றால் 'தகிட தகிட' என்று மூன்றாக மாறும். நான்கிலிருந்து மூன்றுக்கு மாறும் அந்த இடத்தில் பாருங்கள், தவில்காரர் கண் தவிலில் இருக்காது, கட்டையில் இருக்கும். ஆட்டக்காரர் ஒரு மிதியை அழுத்தி வைத்துச் சைகை கொடுப்பார், தவில் அதைப் பிடித்துக்கொண்டு திருப்பும். ஆட்டக்காரர் களைத்துவிட்டார் என்றால் சொல்லாமலே காலம் இறங்கும். கட்டு தளர்ந்துவிட்டால் அவர் ஆடிக்கொண்டே தவிலண்டை வந்து தோளில் கை வைப்பார். நாயனம் உடனே நீளமாக ஒன்றை இழுத்து நேரம் வாங்கிக் கொடுக்கும், அதற்குள் ஒருவர் குனிந்து நாடாவை இறுக்குவார். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "சரக்கு ஏத்திக்கிட்டு ஆடறான் பாரு, நிக்க முடியல" என்று சிரிப்பது இந்த நேரத்தில்தான். பாவம், கட்டைக்காலில் ஏறிக்கொண்டு தள்ளாடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா!

இப்படிக் காலும் தவிலும் பேசிக்கொள்வதுதான் ஆட்டம் என்னும்போது, பென் டிரைவில் பாட்டைப் போட்டு ஆடச் சொல்வது என்ன நியாயம்? பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காலம் இறக்காது, கட்டு தளர்ந்தால் காத்திருக்காது. சினிமாப் பாட்டு வாசிப்பதில் எங்களுக்கு வருத்தம் கிடையாது. நையாண்டி மேளம் எந்தக் காலத்தில் ஊரார் கேட்ட பாட்டை வாசிக்காமல் இருந்தது? ஆனால் அதை நாயனத்தில் ஊதித்தான் வாசிக்க வேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு வந்தது என்று பெருமையாக ஃபிளெக்ஸ் வைக்கிறோம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நம் ஊரில் நாயனத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியை அலறவிடுகிறோம். குதிரைக்குப் பின்னாலேயே மினி லாரியில் டிஜே வந்தால் தவிலே கேட்காது, கட்டை எங்கே கேட்பது? செண்டை மேளத்தைக் கூப்பிடுவதும் உங்கள் விருப்பம். அதையும் குதிரையின் மேளத்தையும் ஒட்டவைத்து நடத்தாதீர்கள் என்பதுதான் எங்கள் வழக்கு.

வீதியில் என்ன தப்பு நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் எதிரி சிதறுகாய். கோயில் வாசலிலும் பிள்ளையார் முக்கிலும் உடைத்த தேங்காயில் சில்லைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஓடு கிடக்கும். கவிழ்ந்து கிடக்கும் ஓட்டின்மேல் கட்டை ஏறினால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தது, சுவாமி வருகிறார் என்று வாசலில் தண்ணீர் தெளிப்பது. தார்ச்சாலையில் பரவாயில்லை, சிமெண்ட் சாலையிலும் வாசலில் பதித்த டைல்ஸ் விளிம்பிலும் ஆபத்து. தீவட்டியிலிருந்து சொட்டும் எண்ணெய், சீரியல் செட்டுக்காக ரோட்டின் குறுக்கே போட்ட ஒயர், சாக்கடை மூடியின் இடுக்கு, வண்ணம் அழிந்த வேகத்தடை, இவையெல்லாம் அடுத்தடுத்து. கருங்கல் பாவிய இடத்தில் ஆட வேண்டும் என்றால் சிலர் கட்டையின் அடியில் டயர் ரப்பர் அடித்துக்கொள்கிறார்கள். பிடிமானம் கிடைக்கும், சத்தம் செத்துப்போகும். வீதியைச் சுத்தமாக வைத்தால் ரப்பருக்கு வேலையில்லை.

காவிரி கடலில் கலக்கும் புகாரில் நடக்கும் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் பதினோரு ஆடல்கள் சொல்லப்படுகின்றன. அதில் ஒன்று மாயவள், அதாவது கொற்றவை, ஆடிய மரக்கால் ஆடல். அசுரர்கள் பாம்பும் தேளுமாக உருவெடுத்து வந்தபோது, கொற்றவை மரக்காலில் ஏறி நின்று அவற்றை மிதித்து அழித்தாள் என்பது கதை. இன்று பாம்பு தேளுக்குப் பதில் தேங்காய் ஓடு வந்திருக்கிறது, அவ்வளவுதான். மரக்கால் அவ்வளவு பழசு. குதிரைக் கூட்டோடு சேர்ந்த இந்த ஆட்டம் தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில், அதாவது 1676-க்கும் 1855-க்கும் இடையில் இங்கே வேர் பிடித்தது என்பது பரவலான கருத்து. இதைச் சொல்வது பழம்பெருமை பேசுவதற்காக இல்லை. அழைப்பிதழில் இரண்டு வரி போடுவதற்கு உங்களுக்கு விஷயம் வேண்டும் என்பதற்காக.

தாமதம் பற்றி. ஒரு முக்கில் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் நான்கு முக்குக்கும் நாற்பத்தெட்டு நிமிடம். நடைக்குச் சேர்த்து ஒன்றேகால் மணி நேரத்தில் சுற்று முடியும். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்குத் தேரடி. கடந்த முறை கிளம்பியதே எட்டரை தாண்டித்தான். குதிரை கட்டிக்கொண்டு தயாராக நின்றது. சிறப்பு விருந்தினர் வந்து சேரவில்லை. அந்தப் பழியைக் குதிரைமேல் போடக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் மேளமும் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளதுதான். அதே விதியில், பண்பாட்டு, சமயத் திருவிழாக்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் பதினைந்து நாள் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்வு தரவும் இடம் இருக்கிறது. ஆனால் ஆறு மணிக்குக் கிளம்பினால் அந்தத் தளர்வைக் கேட்டு யாரிடமும் போக வேண்டிய தேவையே வராது.

இன்னும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஆட்டத்துக்கு வேலை கிடையாது. தையில் அறுப்பு முடிந்து ஆடி வரைக்கும் கிடைக்கும் திருவிழாக்கள்தான் ஒரு செட்டுக்கு வருடச் சாப்பாடு. நான்கு வீதி என்று பேசினால் இரண்டு குதிரையும் முழு மேளமும் வரும். பத்து நிமிடம் என்று பேசினால் சம்பளம் குறையும், சம்பளம் குறைந்தால் மேளத்தைக் கழற்றிவிட்டுப் பென் டிரைவோடு இரண்டு பேர் வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு "முன்ன மாதிரி இல்லையே" என்பீர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறோம்.

மேடை நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து பொய்க்கால் குதிரையை எடுத்துவிட்டு, புறப்பாட்டு வரிசையில் பழையபடி நான்கு வீதியும் வரச் செய்யுங்கள். மாலை ஆறு மணிக்குக் கிளம்பட்டும், யாருக்காகவும் காக்க வேண்டாம். ஒவ்வொரு முக்கிலும் பன்னிரண்டு நிமிடம், இருபதடி வட்டம், கயிறு பிடிக்க நம் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர். செட்டோடு வரும் உதவியாள் வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். விழுந்தால் பின்னாலிருந்து தாங்குகிறவர் அவர்தான். பாஸ் இல்லை என்று அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளாதீர்கள். டிஜே வண்டி வருவதானால் ஒரு வீதி இடைவெளி விட்டு வரட்டும், முக்கில் ஆட்டம் நடக்கும்போது அணைத்துவைக்கட்டும்.

அன்பளிப்புப் பட்டியலை ஆட்டம் முடிந்த பிறகு வாசியுங்கள். சால்வையைக் கட்டை அவிழ்த்த பிறகு போடுங்கள். உடுப்பில் ரூபாய் நோட்டைக் குத்துவது முற்றிலும் நிற்க வேண்டும், அதிலும் பெண் கலைஞர்களிடம். கொடுக்க நினைப்பவர் மேளக்காரர் தட்டில் போடட்டும். இதை மைக்கில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மீறுகிறவர் குழுவைச் சேர்ந்தவராக இருந்தாலும் வட்டத்தை விட்டு வெளியே அனுப்புங்கள்.

புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே நான்கு முக்கையும் கூட்டிப் பெருக்கி, சிதறுகாய் ஓட்டை அள்ள ஆள் போடுங்கள். சிதறுகாய் உடைக்கிறவர்கள் குதிரை கடந்த பிறகு உடைக்கட்டும். ஒயரை ரோட்டின் குறுக்கே போடாமல் மேலே தூக்கிக் கட்டச் சொல்லி லைட் செட்காரரிடம் இப்போதே பேசுங்கள்.

கட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வந்துவிடும், எழுந்திருக்கவும் முடியாது. முக்குக்கு இரண்டு உயரமான மேசை, சாய்ந்துகொள்ளச் சுவரோரமாக. அல்லது அந்த வீட்டுத் திண்ணையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். குடிதண்ணீர் அங்கேயே இருக்க வேண்டும். கட்டிக்கொள்ளவும் உடை மாற்றவும் பூட்டுள்ள ஒரு அறையும் கழிப்பறையும் வேண்டும். பள்ளிக்கூடச் சாவியைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவது உங்களால் முடியாத காரியம் இல்லை. வேனுக்குப் பின்னால் துணியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் உடை மாற்றும் நிலை நம் ஊரில் இனி இருக்கக் கூடாது.

அழைப்பிதழில் பாட்டுக் கச்சேரிக்காரருக்குப் படம், பட்டம், ஊர் எல்லாம் போடுகிறீர்கள். கலை நன்மணி, கலை முதுமணி விருது வாங்கியவர் கூட்டுக்குள் இருந்தாலும் 'மற்றும் பொய்க்கால் குதிரை' என்று ஒரு வரிதான். குதிரைக்காரர்கள் பெயரும் மேளக்காரர்கள் பெயரும் முழுதாக அச்சாகட்டும்.

கடைசியாக, கொடியேற்றத்துக்கு மறுநாள் மாலை கோயில் வெளி மண்டபத்திலோ பள்ளிக்கூடத் திடலிலோ ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செட்டுக்காரர்களுக்கு அன்றைக்கும் சம்பளம் பேசி வரவழையுங்கள். கட்டையைப் பிள்ளைகள் கையில் தூக்கிப் பார்க்கட்டும், கட்டுகிற விதத்தை உட்கார்ந்து பார்க்கட்டும், தவில்காரர் நாலையும் மூன்றையும் வாசித்துக் காட்டட்டும். பாதுகாப்பாகப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் வளர்ந்த பிள்ளைகள் ஒருவர் இருவர் ஏறி நின்றும் பார்க்கலாம். இதற்கு ஆகும் செலவை நான்கு வீதியிலும் வீடு வீடாக வசூலித்துத் தருவது எங்கள் பொறுப்பு.

வரும் வெள்ளிக்கிழமை அழைப்பிதழை இறுதி செய்யக் கூடுகிறீர்கள். அந்தக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதித் தேரடி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். அச்சகத்துக்கு அதுவரை எதையும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நான்கு வீதிகளிலும் குடியிருப்போர் சிலர்